இரண்டாம் தரம் பார்க்கக் கூடாது

மாமி புனேவுக்குப் போய் மகனோடு இருப்பதா, ஸ்ரீரங்கத்திலேயே இருந்துவிடுவதா என்று பெருமாள் முன்னால் பூக்கட்டிப் பார்த்த அன்று, பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது என் கை. இருந்துவிட வேண்டும், இருந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டே எடுத்தேன். மாமி எனக்கு உறவு இல்லை. வீட்டுக்காரி. கீழ்வீட்டில் அவள், மாடிப் போர்ஷனில் நான். ஆனால் அவளை விட்டால் என்னிடம் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேச இந்த ஊரில் வேறு நாதியில்லை. அவள் போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வெளிநாட்டில் பல வருஷம் ஆராய்ச்சி வேலை. ஒரு கட்டத்தில் அதை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்று ஆனது. எனக்கும் அந்தக் குளிர் போதும் போதும் என்றிருந்தது. பிறந்தது வையம்பட்டிப் பக்கம். அப்பா அம்மா போன பிறகு அங்கே அண்ணன் குடும்பம். அண்ணன் நல்லவன்தான். ஆனால் அந்த வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரர்கள், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத என்னைக் கோயில் யானையைப் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று திருச்சியில் வீடு தேடக் கிளம்பினேன்.

முதலில் போனது எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபியும் கொடுத்து, என்ன வேலை என்று கேட்டார். நான் நேர்மையான பிறவி. நியூட்ரினோ ஆராய்ச்சி என்றேன்.

"ஏங்க, அது தேனிப் பக்கம் மலையைக் குடையப் போறோம்னாங்களே, ஊரே எதிர்த்துச்சே, அதுங்களா?"

"அது வேறங்க. நான் மலையையும் குடையல, மண்ணையும் தோண்டல. கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறதுதான் வேலை. கருவி தென் துருவத்துல இருக்கு."

"அங்க இருக்கிறது எங்கயாச்சும் இங்க வந்துறப் போவுதும்மா. சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு," என்று காபி டம்ளரை வாங்கிக்கொண்டார். வையம்பட்டியில் அண்ணன் முன்னாலேயே எச்சரித்திருந்தான்: "யாராச்சும் கேட்டா கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டும் சொல்லு. அந்த வார்த்தையை ஊருக்குள்ள எடுக்காத." தமிழ்நாட்டில் என் பிழைப்பின் பெயரைச் சொல்லி வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் மாமி வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாமிசம் சமைப்பியோ?" என்றாள். எனக்குச் சமைக்கவே தெரியாது என்றேன். "சாப்பிடுவியோ?" வெளியில் சாப்பிடுவேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்ட்டுட்டு வந்தா குளிச்சுட்டுத்தான் என் பக்கம் வரணும்," என்று சாவியைக் கொடுத்தாள். அதன்பிறகு பாலக்கரையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாடிப்படி ஏறும் வேகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

முதல் வருஷம் எங்களுக்குள் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது மோட்டாரைப் பற்றித்தான். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். தொட்டி நிரம்பி, கொல்லைப்புறம் முழுக்க அருவி கொட்டும். "காவேரியே நம்மாத்துக்கு வந்துட்டாளா, ஏம்மா?" என்று கீழிருந்து குரல் வரும். நானும் சளைத்தவள் இல்லை. "புண்ணியம்தானே மாமி, வாசல்லயே தீர்த்தமாடிக்குங்க," என்பேன். இப்படித்தான் ஆரம்பித்தது. சண்டை போட ஒரு ஆள் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது எனக்கு.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நியூட்ரினோ என்பது எதோடும் ஒட்டாத துகள். சூரியனிலிருந்து வருவது இந்த நொடியில்கூட உங்கள் உடம்புக்குள் புகுந்து, தரைக்குள் இறங்கி, பூமியின் அந்தப் பக்கம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. எண்ணி மாளாது. உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கும் ஒன்றும் ஆகாது. நான் தேடுவது இவற்றில் மிக அரிதான ஒரு வகை. எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் பிரம்மாண்டமான கருந்துளை ஒன்று சுற்றியிருப்பதையெல்லாம் விழுங்கும்போது, மிகுந்த ஆற்றலோடு தெறித்துவருகிற நியூட்ரினோ. அங்கிருந்து ஒளி கிளம்பினால் தூசியில் மாட்டிக்கொள்ளும். மின்னூட்டமுள்ள துகள் கிளம்பினால் வழியில் காந்தப்புலம் அதை வளைத்து எங்கெங்கோ இழுத்துப்போகும். நியூட்ரினோ மட்டும் கிளம்பிய இடத்திலிருந்து நூல் பிடித்தது போல நேராக வரும். எங்கிருந்து வருகிறேன் என்று பொய் சொல்லத் தெரியாது அதற்கு.

எதோடும் ஒட்டாததை எப்படிப் பிடிப்பது? தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் ஆழமாகத் துளை போட்டு, கண்ணாடி உருண்டைகளைச் சரம் சரமாக இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒளியை உணரும் ஒரு கண். எப்போதாவது, அத்தி பூத்தாற்போல, ஒரு நியூட்ரினோ பனியில் எதன் மீதாவது மோதும். அப்போது பிறக்கும் துகள் பனிக்குள் ஓடும்போது நீலமாக ஒரு வெளிச்சம் விடும். எந்த உருண்டை முதலில் பார்த்தது, எது அடுத்துப் பார்த்தது என்று வைத்து அது வந்த திசையைக் கணக்கிடுவோம். காற்றுமண்டலத்திலிருந்து வரும் குப்பைத் துகள்கள் மேலிருந்து மழையாகப் பெய்துகொண்டே இருக்கும். அதனால் நாங்கள் கீழே பார்க்கிறோம். பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருவது நியூட்ரினோவாக மட்டும்தான் இருக்க முடியும்.

என் நட்சத்திரக் கூட்டம் நம் ஊருக்கு உச்சிவானத்தில் கடப்பது. அதுவே துருவத்திலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, பூமிக்குள் இருக்கும். நான் எதைத் தேடுகிறேன் என்று மாமிக்கும் ஒருமுறை சொல்லியிருந்தேன். ஒருநாள் மத்தியானம் மொட்டைமாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த மாமி, "உன்னோடது எங்கே இருக்குன்னு காட்டேன்," என்றாள்.

"இப்ப நேரா உங்க தலைக்கு மேலதான் மாமி இருக்கு."

"இந்த வெயில்லயா?"

"நமக்குத்தான் வெயில். நியூட்ரினோவுக்குப் பகல் ஏது, ராத்திரி ஏது."

மாமி மாவுக் கையோடு மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். எதற்கும் இருக்கட்டுமே என்றாள். அன்றிலிருந்து நான் பால் வாங்க இறங்கும்போதெல்லாம், "கெடைச்சுதோ?" என்று கேட்க ஆரம்பித்தாள். காணாமல் போன செருப்பைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்பாள். எரிச்சலாக வரும். கேட்காத நாளில் அதைவிட எரிச்சலாக வரும்.

கிடைத்ததா இல்லையா என்பது எனக்கே தெரியாது என்று அவளுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கருவி சேர்த்த விவரம் முழுவதும் என் கணினிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதை நான் உள்ளபடி பார்க்கக் கூடாது. ஒவ்வொரு துகளும் வந்த நேரத்தைச் சீட்டுக்கட்டு கலைப்பது போலக் கலைத்துவிடுவோம். பூமி சுற்றிக்கொண்டிருப்பதால், நேரம் கலைந்தால் வானமே கலைந்துவிடும். அந்தப் பொய் வானத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை செய்வோம். எந்த இடத்தில் தேடுவேன், எப்படித் தேடுவேன், எவ்வளவு வந்தால் உண்மை என்று ஒப்புவேன், எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி, சக ஆராய்ச்சியாளர்கள் குடைந்து குடைந்து கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான், உண்மையான வானத்தைத் திறக்க அனுமதி. அதுவும் ஒரே ஒரு தரம்.

"இது என்ன கண்ணைக் கட்டிண்டு கோலம் போடற மாதிரி?" என்றாள் மாமி.

"முன்னாடியே பார்த்துட்டா மனசு விளையாடிடும் மாமி. இங்க கொஞ்சம் தள்ளி, அங்க கொஞ்சம் சேர்த்துன்னு, நாம ஆசைப்பட்டதையே கண்டுபிடிச்சுருவோம். நீங்க பூக்கட்டிப் பார்ப்பீங்கல்ல? பொட்டலத்துக்குள்ள என்ன பூன்னு தெரிஞ்சுக்கிட்டா எடுப்பாங்க? அது மாதிரிதான்."

"அதுவும் இதுவும் ஒண்ணா? அங்க பெருமாள் சொல்றார். இங்க யார் சொல்றா?"

"யாரும் சொல்லல. இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல."

"அது என்னமோ," என்று உதட்டைப் பிதுக்கினாள்.

திறக்கும் நாள் வந்தது. ஒரு சாயங்காலம். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்தில். எல்லோர் முன்னிலையிலும் நானே அந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கீழே மாமி மத்தியானத்திலிருந்தே அக்காரவடிசல் கிளறிக்கொண்டிருந்தாள். நெய் வாசனை மாடிவரை வந்தது. தட்டினேன். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு வந்தது. என் நட்சத்திரக் கூட்டம் இருக்கும் திசையில் வந்திருந்த நியூட்ரினோக்கள், வேறு எந்த வெற்றிடத்தைக் காட்டினாலும் வந்திருக்கக்கூடிய அளவுதான். கூடுதலாக ஒன்றும் இல்லை. என் முப்பதுகளின் பெரும்பகுதி அந்தத் திசையில்தான் போயிருந்தது.

திரையில் எல்லோரும் பண்பாக இருந்தார்கள். இதற்கு மேல் அங்கிருந்து வர முடியாது என்று ஒரு வரம்பு கிடைத்திருக்கிறது, அதுவும் பயனுள்ள முடிவுதான் என்றார்கள். உண்மைதான். நானே இன்னொருவருக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் திரையில் நான் மட்டும், பின்னால் கொடியில் காயும் துண்டோடு. கட்டிக்கொண்டு அழ ஒரு ஆள் வேண்டும் என்று அன்றைக்குப் போல என்றைக்கும் தோன்றியதில்லை.

கீழே இறங்கினேன். மாமி கிண்ணத்தோடு தயாராக நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டாள்.

"இல்லையா?"

"இல்ல மாமி."

"நன்னா பார்த்தியோ? இன்னொரு தரம் பாரேன். கொஞ்சம் அந்தண்ட இந்தண்ட தள்ளி இருக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ரெண்டாம் தரம் பார்க்கக் கூடாது மாமி! எத்தனை தடவ சொல்றது? அந்தண்ட இந்தண்ட பார்த்தா ஏதாவது ஒண்ணு கெடைக்கத்தான் செய்யும். அது பொய். பார்த்தது பார்த்ததுதான்," என்று கத்தினேன்.

மாமி பயப்படவில்லை. "சந்தேகம் வந்தாக் கூட பார்க்க மாட்டேளா?" என்றாள், ரொம்ப நிதானமாக.

"வந்தாலும் கை வைக்க மாட்டோம். அதான் எங்க மானம் மரியாதை எல்லாம்."

"சரி சரி. அழாதே. சாப்பிடு," என்று கிண்ணத்தை என் கையில் திணித்தாள். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "வெல்லம் ஒரு கை கூடிடுத்து," என்று அவள் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னை "ஏண்டி" என்று கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோயேண்டி என்றாள்.

அதன்பிறகு நான் மாடியில் இருந்த நேரத்தைவிடக் கீழே இருந்த நேரம் அதிகம். சாயங்காலம் டிவியில் சீரியல் ஓடும். மாமி பாதியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். நான் மடியில் மடிக்கணினியோடு அடுத்த தேடலுக்கான வேலையைப் பார்ப்பேன். கண் விழித்ததும், "அவ அவனை விட்டுட்டாளா?" என்பாள். நான் பார்க்காமலேயே விட்டுட்டா என்பேன். இதுதான் எங்கள் சிநேகிதம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு இதுவே வண்டி வண்டியாக இருந்தது.

புனேயில் இருந்த மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. மருமகள் போய்விட்டாள். சின்னப் பெண் குழந்தை ஒன்று, அப்பாவிடம் இருந்தது. பகலில் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டான். தினமும் போன் பண்ணுவான். "ஸ்ரீரங்கத்தை ஒரேயடியா விட்டுட்டு வந்துடும்மா," என்பான். மாமி பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, தாலி இழந்தது எல்லாம் இதே ஊர். பெருமாளைச் சேவிக்காமல் ஒரு வாரம் இருந்ததில்லை. போனை வைத்ததும் என் முகத்தைப் பார்ப்பாள்.

"என்னடி பண்றது?"

"அதான் ஆள் வெச்சுப் பார்த்துக்கிறாருல்ல மாமி. இந்த வயசுல நீங்க போயி, தெரியாத ஊரு, தெரியாத பாஷை," என்பேன். எனக்கு என் கவலை. அந்தக் குழந்தையின் முகத்தை நான் போனில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அப்படித்தான் சொன்னேன்.

ஒருநாள் காலையில் மாடிப்படி அடியிலிருந்து கூப்பிட்டாள். "குளிச்சுட்டு வா. பெருமாள்கிட்டயே கேட்டுடலாம்."

பூஜை அலமாரி முன்னால் விளக்கு எரிந்தது. படத்தின் காலடியில் இரண்டு பொட்டலங்கள், வாழையிலைத் துண்டில் மடித்து வாழைநாரால் கட்டியவை. பக்கத்தில் தட்டில் மிச்சப் பூக்கள், செவ்வரளியும் வெள்ளையாக ஒரு நந்தியாவட்டையும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் இங்கேயே இரு என்று அர்த்தம். சிவப்பு வந்தால் புனே. வழக்கமாக ஒரு குழந்தையை விட்டுத்தான் எடுக்கச் சொல்வார்கள், அதற்குத்தான் கள்ளம் தெரியாது என்று.

"என்னைய ஏன் மாமி கூப்பிடறீங்க? எதிர்வீட்டுல புள்ளைங்க இருக்கே."

"கண்ணை மூடிண்டு பார்க்கறதுதானே உன் உத்தியோகம். உன்னைவிட வேற யார் சரியா எடுப்பா?"

எனக்கு உள்ளூரப் பெருமையாகப் போய்விட்டது. அதோடு விட்டேனா? விதி வகுக்க ஆரம்பித்தேன். "பொட்டலம் கட்டுனது நீங்க. எதுல என்னன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க பக்கத்துல நிக்கக் கூடாது மாமி, முகமே காட்டிக் கொடுத்துரும். நீங்க வெளிய போயி நில்லுங்க."

"உன் சட்டத்துக்கு ஒரு அளவே இல்லையாடி," என்றவள், போவதற்கு முன்னால் என் தலையைப் பார்த்தாள். "வெறுந்தலையோட பெருமாள் முன்னாடி நிக்காதே." தட்டிலிருந்து அந்த நந்தியாவட்டையை எடுத்து என் ஈரக் கொண்டையில் செருகினாள். எனக்குத் தலையில் பூ வைத்தால் பிடிக்காது, அவளுக்கும் அது தெரியும். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கூடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு பொட்டலங்களை மாற்றி மாற்றி வைத்தேன். எனக்கு அதிகம் பக்தி கிடையாது. ஆனாலும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று வேண்டிக்கொண்டேன். கை தொட்ட ஒன்றை எடுத்துப் பிரித்தேன். செவ்வரளி.

"என்ன?" என்றாள் மாமி, திரும்பாமலே.

"செவப்பு."

அவள் கூடத்திலிருந்தபடியே கைகூப்பினாள். எனக்கு அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் போலக் கை துறுதுறுத்தது. பார்க்கவில்லை. எடுத்தது எடுத்ததுதான். அவ்வளவு வருஷப் பழக்கம் அது. மாமி உள்ளே வந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பழைய பூக்கள் போடும் கூடைக்குள் போட்டாள்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில், பனி கொட்டும் ஒரு ஊரிலிருந்த சக ஆராய்ச்சிக்காரி, உன் தலையில் இருப்பது என்ன, ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். நந்தியாவட்டை வாடிப்போயிருந்தது. எங்க வீட்டம்மா வைத்தது என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, இணைப்புக் கோளாறு என்று சமாளித்தேன்.

மகன் வந்து அழைத்துப் போனான். திருச்சி ஜங்ஷன் வரை நானும் போனேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு, பெருமாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமி என்னிடம் ஆயிரம் சொன்னாள். கேஸை மூடு, கொல்லைக் கதவைச் சாத்து, பாலக்கரைக்குப் போனா குளி. "அந்தக் கூடைல இருக்கிற காஞ்ச பூவைக் குப்பைல போட்டுடாதே. காவேரில தண்ணி வந்ததும் கொண்டு போய் விட்டுடு." சரி சரி என்று தலையாட்டினேன். ரயில் கிளம்பியதும் அந்தக் கூட்டத்தில் நின்றபடி கோவென்று அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜங்ஷனில் அழுகிறவர்கள் புதிதா என்ன.

கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. மோட்டாரைப் போட்டு மறந்தேன். தொட்டி நிரம்பி வழிந்து, வழிந்து, கொல்லை முழுக்கக் குளமாகிவிட்டது. யாரும் கத்தவில்லை. அந்த அமைதியில்தான் எனக்குச் சுரீரென்று உறைத்தது, இனி இப்படித்தான் என்று. ஒருநாள் காலையில் துருவத்துக் கருவியிலிருந்து எச்சரிக்கைச் செய்தி வந்தது. மிகுந்த ஆற்றலோடு ஒரு நியூட்ரினோ, அருமையாகத் திசை காட்டிக்கொண்டு வந்திருந்தது. அப்படி ஒன்று வந்தால் உலகத்தில் இருக்கிற தொலைநோக்கிகளுக்கெல்லாம் உடனே தகவல் போகும், அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. "மாமி, ஒண்ணு வந்திருக்கு!" என்று படியில் பாதிவரை ஓடி இறங்கிவிட்டேன். பூட்டைப் பார்த்துத்தான் நின்றேன். அந்தத் திசையில் யாருக்கும் எதுவும் தென்படவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

மாமி அவ்வப்போது போன் பண்ணுவாள். குழந்தைதான் பின்னால் கத்திக்கொண்டே இருக்கும். ஒரு வார்த்தை பேசுவதற்குள், இதோ வரேன் இதோ வரேன் என்று ஓடுவாள். நான் கோபித்துக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. பெருமாள் சொல்லி, நான் எடுத்துக் கொடுத்து, அவள் போயிருக்கிறாள். யாரைக் குறை சொல்வது? என் கையைத்தான் அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

ஆற்றில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல்தான். மேட்டூரில் திறந்துவிட்டு, தண்ணீர் முக்கொம்பு தாண்டி வந்துவிட்டது என்று பால்காரர் சொன்ன மறுநாள் காலையில், கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில், குப்பையும் நுரையுமாக ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கிறவர்கள், சங்கல்பம் செய்கிறவர்கள் என்று ஒரே கூட்டம். ஓரமாக ஒரு படியில் உட்கார்ந்து கூடையிலிருந்ததைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி விட்டேன். துளசி, சருகாகிப்போன சாமந்தி, நார். அடியில் அந்தப் பொட்டலம் இருந்தது. வாழையிலை காய்ந்து பழுப்பாகி, கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அப்படியே தண்ணீரில் விட்டிருக்க வேண்டும். விடத்தான் கையை நீட்டினேன். பிறகு எனக்கு என்ன ஆனதோ, சீ போ, ஆராய்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது என்று மனசு ஒரு நொடி கட்டறுத்துக்கொண்டது. அந்த வெள்ளைப் பூவை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நாரைப் பிய்த்தேன்.

உள்ளே செவ்வரளி. காய்ந்து சுருங்கியிருந்தது. ஆனாலும் அரளியை அரளி இல்லை என்று சொல்ல முடியாது. சிவப்பு கறுத்து, ஓரம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. ஊரை ஏமாற்றாமல் இருப்பதற்கென்றே ஆயிரம் சட்டம் போட்டு வேலை செய்கிறவள் நான். அவளை வெளியே போகச் சொல்லி, சுவரைப் பார்த்து நிற்க வைத்து, கண்ணை மூடிக் குலுக்கி எடுத்திருக்கிறேன். எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான். எடுத்ததோடு சரி, மற்றதை இவள் தொட மாட்டாள் என்று அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படியிலேயே போனை எடுத்தேன்.

"ஏண்டி, என்ன காலங்கார்த்தால?" பின்னால் குக்கர் சத்தம்.

"காவேரில தண்ணி வந்துருச்சு மாமி. கூடையைக் கொண்டாந்தேன்."

"நல்லதாப் போச்சு. என் பேரைச் சொல்லி நீயே ஒரு முழுக்குப் போட்டுடு."

"ரெண்டுமே செவப்பு மாமி."

குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. குழந்தை என்னமோ கேட்டது.

"பிரிச்சுட்டியா," என்றாள்.

"பிரிச்சேன். பெருமாளையே ஏமாத்திட்டீங்களே மாமி, நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க, இது நியாயமா?"

"அவரை ஏமாத்த முடியுமோ? அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தான் கட்டினேன். போகத்தான் போறேன், மன்னிச்சுக்கோன்னு."

"அப்புறம் எதுக்கு இந்தப் பூவு, பொட்டலம் எல்லாம்?"

"உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலைடி. அவர் சொன்னார்னா நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனைச்சேன்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்துப் படியில் ஒரு அம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுல வெள்ளை வெச்சிருந்தா என்ன மாமி? வந்தா வருது, வராட்டிப் போகுது. கேக்கறதுன்னா ஒழுங்கா கேட்டிருக்கலாம்ல?"

"அதுக்குத்தான் ஒண்ணு பறிச்சுண்டு வந்தேன். கட்டப் போறப்போ மனசு வரலை. நீ அதைத்தான் எடுப்பே, எனக்கு நன்னாத் தெரியும். எடுத்துட்டா நான் அங்கேயே இருந்துடுவேன்டி. அப்புறம் இந்தக் குழந்தைக்கு யார் இருக்கா?"

குழந்தை அந்தப் பக்கம் பாட்டி பாட்டி என்று இழுத்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த அரளியைத் தண்ணீரில் போட்டேன். அது கொஞ்ச தூரம் படியோரமாகவே போய், பிறகு நீரோட்டத்தில் சேர்ந்துகொண்டது.

"பறிச்ச வெள்ளையை அப்ப என்னதான் பண்ணீங்க மாமி?"

"உன் தலையிலதானே வெச்சு விட்டேன்," என்றாள்.